மல்லாட்டையும் பலாச்சுளையும்

ஆனி மாதத்திலே கடலூரினின்றும் விருத்தாசலம் நோக்கிப் பஸ்ஸிற் செல்வோர், கண்ணை மூடிக்கொண்டிருப்பினும் குள்ளஞ்சாவடி அணுகிவிட்டதென்பதை அறிந்துகொள்வர். சாலையோரத்துப் பலாப்பழங்களின் மணமே அதனை அறிவித்துவிடும். அவ்வூரைச் சூழ்ந்த செம்மண் மேடுகளில் பலாவும் முந்திரியும் அடர்ந்து வளர்கின்றன. மரமில்லாத கொல்லைகளில் மல்லாட்டை விளைகின்றது. பிற ஜில்லாக்களிலிருந்து வந்து நம் கலாசாலையிற் பயிலும் மாணாக்கரின்பொருட்டு ஒன்று கூறல் வேண்டும். நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் பிறர் வழங்குவதையே எம் பக்கத்தார் மல்லாட்டை என்பர். பிலிப்பைன் தீவுகளிலுள்ள மணிலா நகரின் பெயரைத் தாங்கிய 'மணிலாக்கொட்டை' என்னும் சொல், மக்கள் நாவில் மணிலாட்டையாகிப் பின்னர் மல்லாட்டையாய்த் தேய்ந்தது. இத்துணை வளம் பொருந்திய பக்கத்தில் பசியென்னும் சொல்லுக்கே இடமிராதென எவரும் எண்ணுவர்.

சென்ற ஆண்டில் யான் கண்ட இரண்டு நிகழ்ச்சிகள் அவ்வெண்ணத்தை மாற்றின. ஒருநாள் காலை முதல் மணிப் பாடத்தின்போது மாணவி ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள். முகத்தில் நீர் தெளித்து எழுப்பி, "காலையில் என்ன சாப்பிட்டாய், அம்மா?" என்று வினவினேன். "டீ மட்டுந்தான் ஐயா. ஆறரை மணிப் பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை" என்றாள். அவள் தாயார் முந்திரிக்கொட்டை உடைக்குங் கூலிவேலை செய்பவர். அவர் கையில் நாள்தோறும் பருப்பு இருக்கின்றது. ஆனால் அஃது எடைபோட்டு வாங்கி எடைபோட்டே திருப்பித் தரவேண்டிய பருப்பு. வீட்டுக் கொல்லையில் பலாமரமும் நிற்கின்றது. அதன் காய்களோ பிஞ்சிலேயே வியாபாரிக்கு விலைபேசப்பட்டுவிட்டன.

அதே வாரத்தில் விடுதி மாணாக்கன் ஒருவனைப் பற்றியும் அறிந்தேன். அவன் மாதச் செலவுக்கு வந்த பணத்திற் பெரும்பகுதியைக் கொடுத்துப் புரதப்பொடி டப்பா ஒன்றை வாங்கி, தேகப்பயிற்சி முடிந்ததும் அதனை நீரிற் கலக்கிக் குடித்துவந்தான். பணம் முடையாகவே இரவு ஆகாரத்தைக் குறைத்துக்கொண்டான். ஒருத்தி ஆகாரமின்றி வாடினாள். மற்றவன் ஆகாரத்தை விட்டுப் பொடியை வாங்கினான். இவ்விருவர்க்கும் வேண்டுவது அவர்தம் ஊர்க் கொல்லையிலேயே கிடக்கின்றதென்பது என் துணிபு. மேனாட்டார் 'ஸ்மூத்தி' எனப் பெயரிட்டழைக்கும் பழப்பானத்தைப் புரதச் செறிவுள்ளதாய் நம் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் வகையை, அதன் காரணங்களோடு இக்கட்டுரையிற் கூறுவேன்.

பெயர் புதிது, பொருள் பழையது

ஸ்மூத்தி என்பது பழத்தைப் பிழிந்து சாறு மட்டும் எடுப்பதன்று. சதையோடும் நாரோடும் அரைத்துத் தயிரோ பாலோ கூட்டிக் கெட்டியாய்க் குடிப்பது. நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமான பண்டமன்று. கேழ்வரகுக் கூழைக் கரைத்து மோர் ஊற்றிக் குடித்துவிட்டு ஏருக்குச் சென்ற நம் முன்னோர், தானியத்தாற் செய்ததையே நாம் இப்போது பழத்தாற் செய்கின்றோம். ஆதலின் இதனைப் 'பழக்கூழ்' என்றே யான் இனி வழங்குவேன். கூழ் என்றதும் இளக்காரமாய் எண்ணுவோர், அதே கூழைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் மிக்க பணங் கொடுத்து வாங்கிக் குடிக்கின்றனர் என்பதையும் நினைவிற் கொள்க.

புரதமாவது யாது?

நம் தேகத்தின் தசை, தோல், மயிர், நகம், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் செம்பொருள், உண்டதைச் செரிப்பிக்கும் நொதிகள் ஆகியவை புரதத்தால் ஆயவை. 1838-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து ரசாயன நூலறிஞர் முல்டர் என்பார், 'முதன்மையானது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்கு இட்ட பெயரே புரோட்டீன் என்பது. அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் மணிகளைப்போற் கோக்கப்பெற்ற மாலையே புரதம். அம்மணிகள் சுமார் இருபது வகைப்படும். அவற்றுள் ஒன்பதை நம் தேகம் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. ஆகாரத்தின் வாயிலாகவே பெறல் வேண்டும். மிகுந்த கொழுப்பைத் தேகம் சேமித்து வைப்பதுபோலப் புரதத்தைத் தனியே சேமித்து வைப்பதில்லை. ஆகலின் ஒருநாள் விருந்துண்டு மறுநாள் பட்டினி கிடத்தல் புரதத்தைப் பொறுத்தவரையில் நற்கணக்காகாது.

இவ்விஷயத்தில் நம் நாட்டிலேயே நிகழ்ந்ததோர் ஆராய்ச்சியை ஒவ்வொரு மாணாக்கரும் அறிந்திருத்தல் நலம். நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் 1920-களில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்திய அறிஞர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிக்கூட்டங்களுக்கு இட்டு வளர்த்து நோக்கினார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றாலாய சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை ராஜதானியின் உணவை உண்டவையோ கடையிடத்தில் நின்றன. புரதக் குறைவொன்றே இதற்குக் காரணமன்று. உயிர்ச்சத்துக்களின் குறைவும் சேர்ந்தே அவ்வாறாக்கியது. எனினும், வெறுஞ்சோறு வயிற்றை நிரப்புமேயன்றித் தேகத்தை முற்றக் கட்டாது என்பது அன்று வெளிப்பட்டது.

அக்குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்க்கப்பட்டது. அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என இன்று வழங்குகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த அந்நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்த ஒருவர்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அஃதாவது 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு ஏறக்குறைய 42 கிராமும், 60 கிலோ எடையுள்ள மாணாக்கனுக்கு 50 கிராமும் ஆகும். கால் கிலோ சோற்றில் உள்ளது 6 அல்லது 7 கிராமே. ஒரு தம்ளர் டீயிலுள்ள பாலினாற் பெறுவதோ மிகச் சொற்பம். காலையை டீயோடு கழித்தவள் முற்பகலில் மயங்கியது வியப்பன்று.

பழத்தால் ஆவதும் ஆகாததும்

இனி, பழத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். பழக்கூழ் குடித்தால் தசை வளரும் என்று அநேகர் கருதுகின்றனர். மா, பலா, வாழை என்னும் முக்கனியையும் எடுத்துக்கொள்வோம். நூறு கிராம் மாம்பழத்தில் புரதம் ஒரு கிராமுக்குங் குறைவு. வாழையில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். பலாச்சுளையில் சுமார் இரண்டு கிராம். முக்கனியுள் பலா முதலிடம் பெறினும் அதனால் மட்டும் 42 கிராம் பெறவேண்டுமெனில் ஒரே நாளில் இரண்டு கிலோ சுளை உண்ணல் வேண்டும். அவ்வாறு உண்பவர்க்கு நேர்வது புரதவிருத்தியன்று, வயிற்றுநோயே.

அங்ஙனமாயின் பழம் எதற்கு? முதலாவது, இரவு முழுதும் ஆகாரமின்றிக் கிடந்த தேகத்துக்கும் மூளைக்கும் அதன் சர்க்கரை உடனே பலந்தருகின்றது. இரண்டாவது, உயிர்ச்சத்துக்களும் உப்புச்சத்துக்களும் நாரும் அதிலுள்ளன. மூன்றாவதே நடைமுறையில் முக்கியமானது: பழத்தின் இனிமையும் மணமும், புரதமுள்ள பதார்த்தங்களை விருப்போடு உட்கொள்ளச் செய்கின்றன. அரைத்த கடலையை மட்டும் நாள்தோறும் குடிப்பார் அரியர். பலாச்சுளையோடு சேர்ப்பின் குழந்தையும் மறுக்காது. ஆகவே பழத்தைச் சுவைக்கும், கடலையைச் சத்துக்கும் கொள்வதே இப்பானத்தின் நியாயம்.

மல்லாட்டையின் வரலாறு

நூறு கிராம் மல்லாட்டைப் பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் உள்ளது. அதனினும் பன்மடங்கு விலையுள்ள முந்திரிப்பருப்பில் உள்ளதோ சுமார் 19 கிராமே. இதனை எம் பக்கத்து ஏழை மக்கள் அறிந்துகொள்வரேல், முந்திரி கிட்டவில்லையென வருந்தவேண்டுவதில்லை.

தென்னமெரிக்காவிற் பிறந்த இப்பயிர் நம் கரைக்கு வந்து வேரூன்றியபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் விளைந்த மல்லாட்டை, புதுச்சேரித் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் பிரான்சு தேசத்து மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. எண்ணெய்க்கென்றே வாங்கினராதலின், நம்மவரும் அதனை எண்ணெய் வித்தாகவே எண்ணப் பழகிவிட்டனர். அதனை ஆகாரமாகக் காணும்படி உலகத்தாரைத் தூண்டியவருள் தலையாயவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஆவர். அமெரிக்காவில் அடிமைக் குடியிற் பிறந்து, இறைபக்தியும் இயற்கை ஆராய்ச்சியும் இரு கண்ணெனக் கொண்டு, டஸ்கீகி கலாசாலையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த அவர், 1921-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கச் சட்டசபைக் குழுவொன்றின் முன் நின்று, நிலக்கடலையினின்று ஆக்கிய பாலையும் பிற பண்டங்களையும் எடுத்துக்காட்டினார். நம் நாட்டிலும், மைசூரில் 1950-ல் திறக்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், நிலக்கடலைப் புரதத்தைப் பசுவின் பாலோடும் எருமைப் பாலோடும் கலந்து 'மில்டோன்' என்னும் பானத்தை ஆக்கினர். பால் குறைவாயிருந்த காலத்தில் அதனைப் பெருக்கும் உபாயமாக அது கருதப்பட்டது. யான் இங்குக் கூறுவதும் அந்நெறியைச் சார்ந்ததே. ஆனால் இதற்கு ஆலை வேண்டுவதில்லை, அடுப்பங்கரை போதும்.

மல்லாட்டைக்கும் ஒரு குறையுண்டு. முன்னர்க் கூறிய ஒன்பது மணிகளுள் லைசின், மெதியோனின் என்னும் இரண்டும் அதிற் குறைவு. லைசின் பாலிலும் தயிரிலும் பருப்பு வகைகளிலும் மிகுதி. மெதியோனின் எள்ளில் மிகுதி. ஆகவே மல்லாட்டையோடு தயிரும் பொட்டுக்கடலையும் சிறிது எள்ளும் கூட்டின், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். இதுவே இப்பானத்தின் சேர்மானத்துக்குக் காரணம்.

செய்முறை

ஒருவர்க்கு வேண்டும் அளவு வருமாறு: மல்லாட்டைப் பருப்பு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, 20 கிராம், கறுப்பு அல்லது வெள்ளை எள் ஒரு தேக்கரண்டி, தயிர் ஒரு சிறு கிண்ணம், 150 கிராம், கொட்டை நீக்கிய பலாச்சுளை நூறு கிராம், சுளையின் பருமைக்கேற்ப நான்கைந்து, சிறு வாழைப்பழம் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை. சர்க்கரையோ வெல்லமோ வேண்டா. பலாவும் வாழையும் தருவதே போதும்.

முதல்நாள் இரவு மல்லாட்டையை நீரில் ஊறவைக்க. காலையில் அந்நீரை வடித்துப் புதுநீர் விட்டுப் பத்து நிமிஷம் வேகவிடுக. பச்சைக் கடலையில் புரதஞ் செரிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்றுண்டு. வேகவைத்தலாலும் வறுத்தலாலும் அது கெடும். வெந்தபின் விரலால் நசுக்கித் தோலை நீக்கின் துவர்ப்பு நீங்கும். நேரமில்லாதவர் நீக்காது விடினும் குற்றமில்லை. எள்ளை வெறுஞ்சட்டியில் வெடிக்கும் வரையில் வறுத்து வைத்துக்கொள்க.

மிக்ஸியில் முதலிற் பொட்டுக்கடலையையும் எள்ளையும் இட்டுப் பொடிசெய்க. பின்னர் வெந்த மல்லாட்டையையும் சிறிது நீரையும் விட்டு வெண்ணெய்போல் மசிய அரைக்க. அதன்பின் சுளைகளையும் வாழைப்பழத்தையும் இட்டு மீண்டும் அரைக்க. தயிரை இறுதியிற் சேர்த்து, ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துக. தயிரை முதலிலேயே விட்டு நெடுநேரம் ஓட்டின் வெண்ணெய் திரண்டு நுரை மிகும். வேண்டிய அளவு நீர் கூட்டி, உப்பும் சுக்கும் தூவிக் கலக்குக. வடிகட்டல் ஆகாது, வடிகட்டின் நாரும் புரதத்தில் ஒரு பகுதியும் துணியில் தங்கிவிடும்.

மிக்ஸி இல்லாத வீட்டார் மல்லாட்டையை அம்மியில் அரைத்து, பழத்தைக் கையாற் பிசைந்து, தயிரோடு மத்தாற் கடையலாம். மசிவு சற்றுக் குறையும், சத்துக் குறையாது. கேழ்வரகுக் கூழ் உள்ள வீட்டிலே, அரைத்த மல்லாட்டையையும் தயிரையும் அக்கூழிலேயே கரைத்து, சுளைகளை நறுக்கிப் போட்டுக் குடிக்கலாம்.

இதனாற் பெறுவது யாது? மல்லாட்டையால் 7 கிராம், பொட்டுக்கடலையால் 4, தயிரால் 4 அல்லது 5, பலாவால் 2, வாழையும் எள்ளும் சேர்ந்து சுமார் 2. ஆக ஏறக்குறைய 19 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ளவர்க்கு ஒருநாளைக்கு வேண்டுவதில் இது சற்றேறக்குறைய பாதி. தயிர் கொள்ளாதார் அதனை விட்டுப் பொட்டுக்கடலையை இருமடங்காக்கலாம். இப்பானம் தரும் உஷ்ணபலம் 450 கலோரிக்குக் குறையாது. ஆதலின் இஃது ஓராகாரமேயன்றி, ஆகாரத்தின்மேற் குடிக்கும் பானமன்று. நான்கு இட்டலி உண்டபின் இதனையுங் குடிப்போர் பருத்தால் என்னை நோதல் முறையன்று.

பழந் தேர்தலும் பருவமும்

பலாப்பழத்தின் முட்கள் கூர்மை மழுங்கி அகன்று, தட்டினாற் பொக்கென்னும் ஒலியெழும்பி, மணமும் வீசுமேல் பழுத்ததென அறிக. கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு பிளத்தல் வேண்டும். இன்றேல் பால் ஒட்டிக்கொண்டு எளிதிற் போகாது. சுளை இறுகிய வருக்கை தின்பதற்குச் சிறந்தது. குழைந்த சுளையுடைய பழம் மலிவாய்க் கிடைக்குமாதலின் அரைப்பதற்கு அதுவே ஏற்றது. கொட்டைகளை எறிந்துவிடற்க. நூறு கிராம் பலாக்கொட்டையில் ஆறேழு கிராம் புரதமுண்டு. நன்றாய் வேகவைத்துத் தோலுரித்து, இரண்டு மூன்றைப் பானத்தோடு அரைக்கலாம். பச்சையாய்ச் சேர்த்தல் தகாது.

முந்திரிக் கொல்லைகளிற் பங்குனி சித்திரை மாதங்களில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவர். மஞ்சளும் சிவப்புமாய்க் குவிந்து அழுகும் அப்பழத்தில், ஆரஞ்சுப் பழத்தினும் பன்மடங்கு 'சி' உயிர்ச்சத்து உள்ளதென்பதை அறிவார் சிலரே. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் அதன் துவர்ப்புக்கு டானின் என்னும் பொருளே காரணம். பிழிந்த சாற்றில் ஆறிய அரிசிக்கஞ்சியைச் சிறிது கலந்து அசையாது வைப்பின், அப்பொருள் கஞ்சியோடு சேர்ந்து அடியிற் படியும்; மேலே தெளிந்ததை இறுத்து, பலாவுக்குப் பதிலாய்ச் சேர்க்கலாம். ஆனால் பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லாற் கடித்துப் பிரிக்க முயலற்க. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

பலாவுக்கு உரிய காலம் சித்திரை முதல் ஆடி வரையிலாம். பிற மாதங்களில் கொய்யா, வாழை, சப்போட்டா ஆகியவற்றைக் கொள்க. பழம் மாறலாம், மல்லாட்டை மாறவேண்டுவதில்லை. இதற்கு எம் பக்கத்தார் பெற்ற அனுபவமும் ஒன்றுண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், தலைமுறை தலைமுறையாய் நின்ற பலாவையும் முந்திரியையும் ஓரிரவில் வேரோடு சாய்த்தது. மீண்டும் நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டு காத்திருத்தல் வேண்டும். மல்லாட்டையோ விதைத்த மூன்றரை மாதத்திற் கைக்கு வரும். ஆகவே நாள்தோறும் வேண்டும் ஆகாரத்துக்கு மல்லாட்டையை அடிப்படையாகவும் மரத்தின் கனியை அவ்வப்போது வாய்க்கும் கொடையாகவும் கொள்ளுதல் அறிவுடைமை.

எச்சரிக்கைகள்

யான் முதன்முதல் இப்பானத்தை ஆக்கியபோது, அன்னாசிப்பழத்தைத் தயிரோடு அரைத்து, மாலையிற் குடிக்கலாமென மூடிவைத்தேன். மாலையில் வாயில் வைத்தால் வேப்பங்காயினுங் கசப்பு. தயிர் கெட்டதென எண்ணிப் பால்காரரைக் கடிந்துகொண்டேன். பின்னரே காரணம் விளங்கிற்று. அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உள்ளன. அவை பாற்புரதத்தைத் துண்டு துண்டாக்கும்போது தோன்றும் சிறு கூறுகள் கசக்கின்றன. மறுநாட் காலையில் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்பழங்களைச் சேர்ப்பதாயின் அரைத்த உடனே குடித்தல் வேண்டும். அல்லது பழத்துண்டுகளைச் சற்றுக் கொதிக்கவிட்டு ஆறியபின் சேர்த்தல் வேண்டும். கொதியில் நொதி செயலிழக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் பெரிது. பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் மல்லாட்டையை ஒருபோதுஞ் சேர்த்தலாகாது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் லக்ஷத்துக்கு மேல் காரணந் தெரியாது மாண்டன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் ஆக்கிய நஞ்சே காரணமென ஆராய்ந்து கண்டனர். அஃபிளாடாக்சின் எனப் பெயர் பெற்ற அந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. சாதாரணமாய் வேகவைப்பதால் முற்றும் அழியாதது. ஆதலின் மல்லாட்டையை நன்றாய்க் காயவைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, ஊறப்போடுமுன் ஒருமுறை கையாற் பொறுக்கி எடுத்தல் இன்றியமையாதது. நம் பாட்டிமார் முறத்தோடு திண்ணையில் அமர்ந்து செய்த அவ்வேலை வீண்வேலையன்று.

மூன்றாவது, தயிரும் பழமும் சேர்ந்த பானம் நம் வெயிலில் நெடுநேரம் நில்லாது. ஆக்கிய ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுக. கலாசாலைக்குக் கொண்டுவர விரும்புவோர், வறுத்த மல்லாட்டை, பொட்டுக்கடலை, எள் மூன்றையும் மேற்கூறிய அளவிற் பொடியாக்கிக் கொண்டுவந்து, இங்கே மோரிலோ பாலிலோ கலக்கி, ஒரு வாழைப்பழத்தோடு உண்ணலாம். மல்லாட்டையைத் தனியே பொடித்தால் எண்ணெய் கக்கிக் கட்டியாகும். பொட்டுக்கடலையோடு சேர்த்து விட்டுவிட்டுப் பொடிப்பின் அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்துக்கொள்க. நாட்பட்டால் காறல் வாடை வீசும்.

நான்காவது, நிலக்கடலை சிலர் தேகத்துக்கு ஒவ்வாது. உண்டதும் தடிப்போ மூச்சுத்திணறலோ காணின் அறவே விலக்கல் வேண்டும். நீரிழிவுடையோர் பலாவையும் வாழையையும் அளவறிந்தே கொள்ளுதல் வேண்டும். சிறுநீரகப் பிணியுடையோர் வைத்தியரைக் கேளாது இதனைக் குடித்தலாகாது.

டப்பாவும் கொல்லையும்

டப்பாவிலுள்ள பொடி யாதெனின், பெரும்பாலும் பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை உலர்த்தி ஆக்கிய புரதமாம். அது நல்ல புரதமே, யான் மறுப்பதில்லை. ஆயினும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிகளில், தசை வளர்க்கவேண்டிப் புரதப்பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியுள்ளது. அவற்றுட் சிலவற்றிற் சேர்க்கப்படும் சர்க்கரை, செயற்கை இனிப்பு, மணமூட்டிகள் ஆகியவற்றையும் அது குறித்துள்ளது. நம் விடுதி மாணாக்கனிடம் இக்கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சோற்றோடு பருப்பும், ஒரு முட்டையும், ஒரு தம்ளர் பழக்கூழும் கொள்வானாயின் அவனுக்கு வேண்டிய ஐம்பது கிராமும் நிறைந்துவிடும். அவன் கணித மாணாக்கன்; இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த டப்பாவை வாங்காது இரவுச் சாப்பாட்டை மீண்டும் உண்ணலானான்.

மாணவியின் செய்தியையுங் கூறி முடிப்பேன். குள்ளஞ்சாவடிக்கு அணித்தேயுள்ள வடலூரில், பசித்தோர்க்குச் சோறிடுதலே பேரறமெனக் கொண்ட இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அவியாது எரிகின்றது. நாமும் ஒவ்வொரு காலையும் கலாசாலை ஆலயத்திற் கூடி அன்றாட ஆகாரத்துக்காக வேண்டிக்கொள்கின்றோம். அங்ஙனம் வேண்டிக்கொள்ளும் வரிசையில் ஒரு பிள்ளை வெறுவயிற்றோடு நிற்பதை நாம் அறியாதிருந்தோமே என்பதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆசிரியரும் மாணாக்கரும் தம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரை, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என ஒருமுறை வினவுவார்களாக.

அம்மாணவியின் வீட்டில் மிக்ஸி இல்லை. அவள் தாயார் இரவிலேயே மல்லாட்டையை வேகவைத்து, விடியலில் அம்மியில் அரைத்து, கூழிலும் மோரிலும் கரைத்துக் கொடுக்கின்றார். ஆறரை மணிப் பஸ்ஸுக்கு முன்னே அதனைக் குடித்துவிட்டுத்தான் அவள் புறப்படுகிறாள். இவ்வாண்டு வியாபாரி பலாமரத்துக்கு விலைபேச வந்தபோது, அவ்வம்மையார் முன்பு எப்போதுங் கேளாத ஒன்றைக் கேட்டாராம்: "இரண்டு பழம் மட்டும் வீட்டுக்கு விட்டுவிடுங்கள், என் மகள் கலாசாலைக்குப் போகிறாள்." வியாபாரியும் சம்மதித்தாராம்.